பட்டாளத்து அட்டை

பாய் யார் வீட்டுக்கு வந்தாலும் உடனே உள்ளே நுழைந்துவிட மாட்டார். வாசற்படியில் நின்று, கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சை இழுத்து மோந்து பார்ப்பார். உள்ளே வறுபடுவது மீனா கத்திரிக்காயா என்று தெரிந்துகொள்வதற்காக அல்ல. எங்காவது ஒயர் சூடேறுகிறதா என்று. மற்றவர்களுக்குத் தெரிவதற்கு அரை மணி முன்பே தனக்கு அந்த வாசனை வந்துவிடும் என்பது அவருடைய கட்சி. ஒருமுறை எங்கள் மருந்துக் கடைக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்று, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கிப் பார்த்தால் உள்ளே ஒரு பக்கம் கருகிப் பழுப்பேறியிருந்தது. அன்றிலிருந்து நானும் அவருடைய கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அவருக்குப் பெயர் உண்டு. எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது. மன்னார்குடியிலிருந்து வலங்கைமான் போகிற வழியில், ஒரு பாசன வாய்க்காலை ஒட்டிக் கிடக்கிற கடைத்தெருதான் எங்கள் ஊர். அந்தக் கடைத்தெருவுக்கு அவர் கரண்டு பாய். அவருடைய மனைவி கரண்டு பாயம்மா. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலை தொடங்கும் முன் மெயினை நிறுத்திவிட்டு, பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மெயினை மட்டும் நிறுத்தினால் எவனாவது வந்து போட்டுவிடுவான், கட்டை என் பையில் இருந்தால் எவன் போடுவான் என்பார். ஒரு கல்யாண வீட்டில் இப்படிக் கட்டையைப் பையில் போட்டபடி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விட்டார். பந்தலில் ஃபேன் ஓடவில்லை, கிரைண்டர் ஓடவில்லை. அரைத்த மாவு பாதியில் நிற்கிறது. மாப்பிள்ளையின் சித்தப்பா பள்ளிவாசல் வாசலில் போய் நின்றுகொண்டு, தொழுகை முடியும் வரை கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பாய் சாவகாசமாக வெளியே வந்து, கட்டையை எடுத்துக் கொடுத்து, "மன்னிச்சிக்குங்க, ஆனா பாருங்க, ஒருத்தனுக்கும் ஷாக் அடிக்கல" என்றார். அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஊரில் இன்றைக்கும் ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

பீடி, சிகரெட் கிடையாது. பையில் தீப்பெட்டி வைத்திருப்பவனைக் கண்டால் ஒரு கஜம் தள்ளி நிற்பார். நெருப்பு என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விவசாயக் கூலிகள் குடியிருக்கும் தெரு. அப்போது எல்லாமே கீற்றுக் குடிசைகள். ஒரு சித்திரை மாத மத்தியானம், பெரியவர்கள் எல்லாம் எள்ளு வயலில் இருந்தபோது ஒரு குடிசையில் ஒயர் பொறி தட்டி, ஒரு வரிசை முழுக்க எரிந்துபோனது. தூளியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தையை எடுக்க முடியவில்லை. அதன் அக்காள் ராசாத்தி என்கிற ஐந்து வயதுப் பெண், கத்திக்கொண்டு வாய்க்காலில் குதித்துத் தப்பித்தாள். அந்த ஒயரை யார் இழுத்தது என்பதில் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. பாய் இழுத்தது என்பார்கள் சிலர். பாய் இழுத்ததிலிருந்து வேறு யாரோ கொக்கி போட்டது என்பார்கள் மற்றவர்கள். அதைப் பற்றி பாய் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் வாசலில் நின்று மோந்து பார்க்க ஆரம்பித்தார் என்று பாயம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அடுத்த சில வருடங்களில் நம் பக்கத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வளைகுடாவுக்குக் கிளம்பினார்கள். பாயும் கிளம்பினார். ஒரு பாலைவன நாட்டில், வெளிநாட்டுப் பட்டாளம் தங்கும் முகாமில் அவருக்கு வேலை. சிப்பாய்கள் படுக்கும் பழைய பாரக்குகளைப் புதுப்பித்துப் புது ஒயரிங் செய்ய வேண்டும். கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் நாள் முழுக்க மல்லாந்து ஊர்ந்து கேபிள் இழுப்பார்கள். சுவரும் உள்கூரையும் வெள்ளை அட்டை. கேபிள் போக அதை அறுக்க வேண்டும், துளை போட வேண்டும். வெந்நீர்க் குழாய்களைச் சுற்றி வெள்ளைக் கம்பளி மாதிரி ஒன்றைச் சுற்றியிருப்பார்களாம். குறுக்கே நின்றால் அதையும் பிய்த்துப் போட வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போது மாவு மில்லில் வேலை பார்த்தவன் மாதிரி இருப்போம் தம்பி, புருவத்துல இருந்து உதிரும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

முதல் விடுப்பில் அவர் வந்து பத்து நாள் கழித்து, மன்னார்குடி பார்சல் ஆபீஸிலிருந்து ஒரு மரப்பெட்டி டெம்போவில் வந்து இறங்கியது. நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. தெருவே கூடிவிட்டது. டி.வி. என்றார்கள், வீடியோ டெக் என்றார்கள். பாயம்மா பக்கத்து வீட்டாருக்கு டீ போடக்கூட ஆரம்பித்துவிட்டார். பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுக்க வெள்ளை அட்டைகள். அடுக்கடுக்காக, பள்ளிக்கூடப் பலகை அளவில். ஒரு சுருள் வெள்ளைத் துணி. வேறு எதுவுமே இல்லை.

பாயம்மா எட்டிப் பார்த்துவிட்டு, டேப் ரிக்கார்டர் அடியில் இருக்கிறதா என்று கேட்டார். பாய் பக்கத்திலிருந்தவரிடம் தீப்பெட்டி வாங்கி, கையை நீட்டி எட்ட வைத்துக்கொண்டே ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். ஒரு அட்டையை அதன் மேல் பிடித்து, மறுபக்கத்தில் தன் உள்ளங்கையை வைத்தார். ஐந்து நிமிடம் அப்படியே நின்றார். கூட்டம் மெதுவாகக் கலைய ஆரம்பித்தது.

"பட்டாளத்துப் பொருள். எரியாது, உருகாது, உளுக்காது. முகாம்ல மிச்சம் விழுந்ததக் குப்பையில போடுறான். கேட்டு வாங்கியாந்தேன்" என்றார். நான் பார்த்த வரைக்கும் அவர் முகத்தில் அவ்வளவு பெருமை வேறு எப்போதும் இருந்ததில்லை.

அந்த விடுப்பு முழுக்க அவர் கொல்லையில் உட்கார்ந்து அட்டை அறுத்தார். ரம்பத்தால் அறுப்பார், கைத் துளைப்பானால் துளை போடுவார், பிறகு வாயால் ஊதுவார். ஊதினால்தான் அவருக்குத் திருப்தி. பாயம்மாவின் கோழிகள் எல்லாம் வெள்ளைக் கோழிகளாயின. பாயம்மா தினமும் இரண்டு முறை பெருக்கி அள்ளுவார். அறுத்த துண்டுகளை எடுத்துக்கொண்டு பாய் வாய்க்காலைத் தாண்டிப் போய், ஒவ்வொரு குடிசையிலும் சுவிட்சுக்குப் பின்னால் ஒரு அட்டை, விளக்குக்கு மேலே கீற்றை ஒட்டி ஒரு அட்டை என்று அடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வெள்ளைத் துணியைச் சதுரம் சதுரமாகக் கத்தரித்து, பானை இறக்குவதற்கென்று வீட்டுக்கு இரண்டு கொடுத்தார். அடுத்த விடுப்பிலும் ஒரு பெட்டி வந்தது, அதற்கடுத்த விடுப்பிலும் வந்தது. எங்கள் வீட்டு மீட்டருக்குப் பின்னால் ஒன்று, கடையில் ஒன்று, இஸ்திரிப் பெட்டி வைக்க ஒன்று என்று எனக்கும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒயரால் ஒரு குடிசையும் எரியவில்லை. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

விடுப்பில் வரும்போதெல்லாம் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து அதை நடித்தே காட்டுவார். முகாமை மேற்பார்வை பார்க்க இரண்டு வெள்ளைக்காரர்கள் வருவார்களாம். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் மூடி, மூடியில் இரண்டு டப்பா, கையில் உறை. பாயும் அவருடன் வேலை பார்த்தவர்களும் பனியனும் லுங்கியுமாகத் தூசிக்குள் நிற்பார்களாம். அந்த இரண்டு பேரும் கதவுக்கு வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். "தூசின்னா அவனுங்களுக்கு அவ்ளோ அலர்ஜி தம்பி. துரைமாருங்கல்ல" என்பார். துரை மாதிரி கையைத் தூக்கிக் குனிந்து குனிந்து நடந்து காட்டுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். நான் எத்தனை முறை கேட்டுச் சிரித்தேன் என்று நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகு பாய் கடைத்தெருவில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடை போட்டார். கடையில் இருந்ததைவிட ஊரைச் சுற்றிய நேரம்தான் அதிகம். யார் வீடு கட்டினாலும், யார் கூரை மாற்றினாலும் அங்கே போய் நின்றுகொண்டு ஒரே பாட்டு பாடுவார்: கீற்றை எடுத்துவிட்டு சீட்டுப் போடுங்கள், கல்நார் சீட்டு, அதாவது ஆஸ்பெஸ்டாஸ். நம் பட்டாளத்து அட்டைக்கு அண்ணன் தம்பிதான் அது. வெளிநாட்டுப் பணமும் வந்துகொண்டிருந்த காலம், சீட்டு விலையும் கைக்கு எட்டியிருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு குடிசையாகச் சாம்பல் நிறச் சீட்டு ஏறியது. ஒரு வீட்டில் சீட்டு ஏறிய அன்று பாய்க்குப் பசிக்காது என்று பாயம்மா கேலி செய்வார்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சளி வராத வறட்டு இருமல். என் கடையில்தான் சிரப் வாங்குவார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று கேட்கவில்லை என்றால் இன்னொன்று, அதுவும் கேட்கவில்லை என்றால் வெளிநாட்டுப் பெயர் உள்ள மற்றொன்று. நாலு வருடம் கொடுத்தேன். இடையில் ஒரு டாக்டர் காச நோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரையையும் அவர் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். எதிலும் ஒழுங்கு தவறாத மனிதர். வாய்க்கால் பாலம் ஏறும்போது நடுவில் நின்று தண்ணீரை வேடிக்கை பார்ப்பது போல் நடிக்க ஆரம்பித்தார். அவர் விரல் நுனிகள் தடித்து, நகம் கவிழ்ந்திருப்பதை நான் ஒருநாள் கவனித்தேன். நுரையீரல் கெட்டால் அப்படி ஆகும் என்று தெரியும். கவனித்தேன், சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரன் எதையாவது சொல்லி ஒருவரைப் பயமுறுத்தலாமா என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருந்ததால், கடைசியில் தஞ்சாவூருக்கு நான்தான் அழைத்துப் போனேன். பாயம்மாவும் வந்தார். ஸ்கேன் படங்களைப் பார்த்த டாக்டர் ஒரு இளம்பெண். அது வரை எந்த டாக்டரும் கேட்காத ஒன்றை அவர் கேட்டார்: என்ன வேலை பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள். பாய் உற்சாகமாகிவிட்டார். முகாம், பாரக், கேபிள், வெள்ளை அட்டை என்று எல்லாவற்றையும் விவரித்தார். எரியாது டாக்டர், உருகாது, கையில பிடிச்சே காட்டலாம் என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்தார். பாய் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டர் மெதுவாகச் சொன்னார். அந்த அட்டையெல்லாம் கல்நார். அதன் தூசி கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான நார். உள்ளே போனால் நுரையீரலில் தைத்துவிடும், வெளியே வராது. இருபது வருடம், முப்பது வருடம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்விலேயே அவருக்கு இப்போது புற்று. மருந்து கொடுக்கலாம், வலியைக் குறைக்கலாம். அவ்வளவுதான்.

பாய் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த ரெண்டு வெள்ளைக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு, இல்லையா டாக்டர்?" என்றார். டாக்டர் குனிந்துகொண்டார். அந்த வெள்ளைக்காரர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பாய், அந்த அட்டை வீட்டில் இருந்தால் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். உடைக்காமல், அறுக்காமல், துளை போடாமல் அப்படியே விட்டுவைத்தால் ஆபத்து குறைவு, உடைத்தால்தான் தூசி பறக்கும் என்றார் டாக்டர். பாயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தினமும் இரண்டு வேளை பெருக்கி அள்ளியவர் அவர்தானே.

திரும்பும் பஸ் அம்மாபேட்டையைத் தாண்டியது. இரண்டு பக்கமும் குறுவை அறுப்பு முடிந்த வயல்கள். பாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் எத்தன ஓட்ட போட்டிருப்பேன்?" என்றார்.

விடுங்க பாய் என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்த முதல் காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் காலையில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டு மீட்டருக்குப் பின்னால் இருந்ததையும் கடையில் இருந்ததையும் எடுக்கச் சொன்னேன். மீட்டர்ப் பலகைக்குப் பின்னால் இருந்தது லேசில் வரவில்லை. அவன் உளியால் தட்டித் தட்டி உடைத்து எடுத்தான். நான் மனைவியையும் பிள்ளைகளையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தெருவில் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்தனாரிடம் அது என்னவென்று சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டான். வேலை முடிந்ததும் எங்கேயாவது போட்டுவிடு என்று சாக்கில் கட்டிக் கொடுத்தேன். சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு போனான். அந்த இரண்டு வெள்ளைக்காரர்களை நான் மனதார எத்தனையோ முறை சபித்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் நின்ற என்னை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பாய் வேறு மாதிரி. வீடு வீடாகப் போய்ச் சொல்லப்போகிறேன் என்றார். யார் யார் வீட்டில், எந்தச் சுவரில், எத்தனை அட்டை என்பது அவருக்கு மனப்பாடம். ஊரைக் காப்பாத்துறது இருக்கட்டும், முதல்ல மூச்ச விடுங்க என்று பாயம்மா அழுதார். நானும் தடுத்துப் பார்த்தேன். சனங்கள் பயந்துவிடுவார்கள், உங்கள் பெயர்தான் கெடும், என்ன பிரயோஜனம் என்றெல்லாம் சொன்னேன். அவர் காது கொடுக்கவில்லை. நடக்க முடியாததால் என் டி.வி.எஸ். ஃபிஃப்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். முதுகில் அவர் மூச்சு இழுப்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

கடைத்தெருவில் எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். உடைக்காதீங்க, ஓட்டை போடாதீங்க. அவரால் இந்த இரண்டைத்தான் ஒரு மூச்சில் சொல்ல முடிந்தது. சரிங்க பாய் என்றார்கள். ஒருவர் மட்டும், நல்ல பொருளைக் கொடுத்துவிட்டு இப்போது திருப்பி வாங்கப் பார்க்கிறாரா என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்.

வாய்க்காலைத் தாண்டினோம். தெரு முனையிலேயே பாய் என் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கீற்று இல்லை. எல்லாம் சீட்டு. சுவிட்சுக்குப் பின்னால் இருந்த துண்டு அட்டையைப் பற்றிச் சொல்ல வந்த மனிதர், வண்டியில் உட்கார்ந்தபடி அந்தக் கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முன்னால் நூறு தடவை பார்த்த தெருதான்.

கடைசி வீட்டில் அன்றைக்குத்தான் சீட்டு ஏறிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் குதித்துத் தப்பித்த ராசாத்தியின் வீடு. அவளுக்குக் கல்யாணமாகி, ஐந்து வயதில் ஒரு பெண் பிள்ளை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துகொண்டு பணம் அனுப்பியிருந்தான். மேலே இரண்டு பேர் டிரில்லிங் மிஷினால் சீட்டில் துளை போட்டு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிறத் தூள் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே அந்தப் பிள்ளை உட்கார்ந்து, விழுந்த தூளைக் கொட்டாங்குச்சியில் அள்ளிச் சோறு ஆக்கி விளையாடிக்கொண்டிருந்தது.

பாய் கத்தினார். சத்தம் வரவில்லை, இருமல்தான் வந்தது. வண்டியிலிருந்து எப்படி இறங்கினார், எப்படி ஓடினார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, தன் துண்டால் அதன் முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு, துண்டை உதறப் போனவர் உதறாமல் அப்படியே கையில் சுருட்டி வைத்துக்கொண்டார்.

ராசாத்தி ஓடி வந்தாள். அவள் முகம் முழுக்கச் சந்தோஷம். "வாங்க பாய். ஆள் விட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். கடசியா எங்க வீட்டுக்கும் ஏறிருச்சு. நீங்க சொல்லிக்கிட்டே இருப்பீங்களே" என்றாள்.

பாயால் பேச முடியவில்லை. நான்தான் பேசினேன். பாயின் நோய் என்ன, எதனால் வந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் சொன்னேன். மேலே இருந்தவர்களும் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ராசாத்தி கவனமாகத்தான் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, பாயைப் பார்த்து ஆறுதலாகவே சொன்னாள்.

"முப்பது வருசம் கழிச்சித்தானே பாய். எங்க தெருவுல யாரு பாய் அவ்ளோ நாளு இருந்திருக்கா? நெருப்புன்னா அன்னிக்கே போயிருவோம்."

மேலே இருந்தவர்களில் ஒருவன், அப்படியென்றால் இதை இறக்கிவிட்டு மறுபடி கீற்று போடவா என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். பாய் எரிந்துபோன அந்தப் பழைய வரிசை இருந்த இடத்தைப் பார்த்தார். அதில்தான் இந்த வீடு நின்றது. பிறகு குடத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சீட்டின் மேல் ஊற்றிக்கொண்டே துளை போடச் சொன்னார். மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாய் சொல்கிறாரே என்று இரண்டு பேரும் துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டார்கள். நாங்கள் பாலம் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். இரண்டு துண்டும் கழுத்தில் கிடந்தது.

"அந்தப் புள்ளைக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு ஆகும் தம்பி" என்றார் பாய் என் முதுகுக்குப் பின்னால்.

அதற்குப் பிறகு அவர் வெளியே வரவில்லை. படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். ஆக்சிஜன் மிஷினுக்கு ஒயர் இழுத்தது வேறு ஒரு எலெக்ட்ரீஷியன். அவன் மெயினை மட்டும் நிறுத்திவிட்டு வேலை செய்ததைப் பார்த்து, பாய் சைகையாலேயே கட்டையைப் பிடுங்கித் தன்னிடம் தரச்சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். கடைசியாக நான் பார்க்கப் போன சாயங்காலம் என் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்தி, "எனக்கு இனிமே பேச்சு வராது. நீங்க சொல்லுங்க" என்றார். தலையாட்டினேன். நாலாம் நாள் அவர் மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவுடன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சனமும் பள்ளிவாசல் வரை நடந்து வந்தது. ராசாத்தி ரோட்டோரம் நின்று வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நினைக்காத நாள் இல்லை. அவர்கள் கடைக்கு வருவார்கள், தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் வாங்குவார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். பெரும் பயத்தைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பது என் சமாதானம். பாயம்மா மகனுடன் போய்விட்டார். போகும்போது லேசாக இருமிக்கொண்டிருந்தார்.

சில வருடம் கழித்து, டெல்டாவையே சாய்த்த அந்தப் புயல் அடித்தது. தென்னையெல்லாம் தலைகீழாகக் கிடந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு கூரை மிச்சமில்லை. சீட்டுகள் பறந்து சுக்குநூறாகிக் கிடந்தன. கடையைத் திறந்ததிலிருந்து வெட்டுக்காயம், ஆணிக்காயம் என்று கூட்டம். நாலைந்து நாள் கழித்து ராசாத்தி தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். பத்து வயதிருக்கும். உடைந்த சீட்டு விளிம்பு உள்ளங்காலைக் கிழித்திருந்தது. பெஞ்சில் உட்காரவைத்துக் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கணுக்கால் வரை சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி அப்பியிருந்தது.

எங்கே மிதித்தாள் என்று கேட்டேன். புயலுக்குப் பிறகு தெருவெல்லாம் முழங்கால் சேறாம். பிள்ளைகள் வழுக்கி வழுக்கி விழுந்தார்களாம். உடைந்த சீட்டையெல்லாம் தெருவே கூடிச் சுத்தியலால் தட்டிப் பொடித்து, வாசலிலும் பாதையிலும் கொட்டி, ஏறி மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டார்களாம். "இப்ப சேறே இல்லண்ணே. காஞ்சி, கல்லு மாதிரி கெடக்கு. இவதான் அதுலயே ஓடிக்கிட்டுக் கெடக்குறா" என்றாள்.

பஞ்சை நனைத்து அந்தக் காலைத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, இன்னொன்று எடுத்தேன், அதுவும் கறுத்தது. என்னை மீறித்தான் வாய் திறந்தது.

"அத அள்ளிருங்கம்மா. தண்ணி தெளிச்சி, மூக்கக் கட்டிக்கிட்டு, எல்லாத்தையும் அள்ளிருங்க. பாய் அன்னிக்கிச் சொன்னாரே, அது இதான்."

ராசாத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது தெரிந்தது. வாசலை, பாதையை, மகளின் காலை எல்லாம் அவள் மனசுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தது போலிருந்தது. கோபப்படவில்லை. இத்தனை நாள் ஏன் மறுபடி வந்து சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை.

"அள்ளிடுறோம்ணே. அள்ளி எங்கண்ணே கொட்டுறது? வாய்க்கால்லயா?"

அந்த வாய்க்கால் தண்ணீர் எந்தெந்த வயலுக்குப் போகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தெரியலம்மா" என்றேன்.

கட்டுப் போட்டு முடித்தேன். அவள் மகளைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு, பாலம் ஏறி அந்த வாசலுக்கே திரும்பிப் போனாள்.